விலை போனவன்

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசல். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் பத்து நிமிட இடைவேளை. என் நண்பன் கீழே இறங்கி வந்து பைப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அரக்குச் சிவப்பில் ஜிகினா வைத்த சட்டை. ஆர்கெஸ்ட்ராவில் பாடகர் முதல் ரிதம் பேட் வாசிப்பவர் வரை எல்லோருக்கும் அதே சட்டைதான். "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டான். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "நீ விலை போயிட்டடா" என்றேன். அவன் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டியா இல்லையா? பாயசம் நல்லாருக்குன்னாங்க" என்றான். இது 2007 வாக்கில். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவன் மகள் காதுகுத்துக்கு நான் போனேன். என் அப்பா காரியத்துக்கு வந்தவன் மூன்று நாள் கூடவே இருந்துவிட்டுப் போனான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் செருப்பில் ஏறிய முள் மாதிரி எங்கோ கிடக்கிறது. சில கோணங்களில் கால் வைக்கும்போது மட்டும் குத்தும்.

அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நாங்கள் நாலு பேர் ஒரு பேண்ட் வைத்திருந்தோம். நான் பேஸ் கிட்டார், சுமாருக்கும் ஒரு படி கீழே. எங்களில் நிஜமான இசைக்காரன் அவன்தான். ஒரு தாளச் சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை, பதினொன்று என்றெல்லாம் சொந்தமாக மெட்டுப் போடுவான். கல்லூரி விழாவில் எங்கள் பன்னிரண்டு நிமிட உருப்படி தொடங்கும்போது அரங்கு நிறைந்திருந்தது. முடியும்போது முன் வரிசையில் முதல்வரும், அவருக்குப் பக்கத்தில் தூங்கிவிட்ட சிறப்பு விருந்தினரும் மட்டும் மிச்சம். எங்களுக்கு அதில் பெருமை வேறு. கூட்டம் எழுந்து போவதுதான் நம் தரத்துக்குக் கிடைத்த சான்றிதழ் என்று விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். படிப்பு முடிந்ததும் நான் சென்னையில் மென்பொருள் வேலைக்குப் போனேன். பேஸ் கிட்டாரை ஒரு ஜூனியரிடம் நாலாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். நண்பன் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தான். இந்த இருவரில் விலை போனவன் யார் என்கிற கேள்வியே அன்றைக்கு எனக்கு எழவில்லை. மாதச் சம்பளத்துக்குப் போனவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாசித்துப் பிழைப்பவனைத்தான் சொல்வார்கள்.

இத்தனை வருஷம் கழித்து அந்த முள் மறுபடி குத்தியது அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கால். அவரை நான் தலைகீழ் வரிசையில் கேட்டவன். முதலில் 1983இன் 'ராக்கிட்', இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்த்து எடுக்கும் அந்தக் கீறல் சத்தத்துக்காக. பிறகு 1973இன் 'ஹெட் ஹண்டர்ஸ்' இசைத்தட்டு. பிறகு அறுபதுகளில் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்தது. நடுவில் ஒரு மூன்று வருஷத்தை விட்டுவிட்டேன், 1970 முதல் 1973 வரை. அதை உருப்படியாகக் கேட்டது போன வருஷம்தான். கேட்டு முடித்தபோதுதான், 'ஹெட் ஹண்டர்ஸ்' வந்த சமயத்தில் ஜாஸ் விமர்சகர்கள் அந்த ஆளைப் பார்த்துச் சொன்னதும் நான் பைப்படியில் சொன்ன அதே வார்த்தைதான் என்பது உறைத்தது.

ஆறு பேரும் ஒரு பேராசிரியரும்

ஹான்காக் 1940இல் சிகாகோவில் பிறந்தவர். 11 வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவோடு மேடையேறி மொசார்ட் வாசித்தவர். கல்லூரியில் சேர்ந்தது மின்பொறியியலுக்கு. அப்புறம் இசைக்கு மாறிக்கொண்டார். 23 வயதில் மைல்ஸின் குழுவில் பியானோ. அந்தக் குழுவைப் பற்றி ஜாஸ் கேட்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும்: 1968இல் ஒருநாள் ஒலிப்பதிவுக்குப் போனால் அங்கே வழக்கமான பியானோவைக் காணோம். எங்கே என்று கேட்டால் மைல்ஸ் மூலையிலிருந்த எலெக்ட்ரிக் பியானோவைக் காட்டி அதை வாசி என்றார். விளையாட்டுச் சாமானாயிற்றே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே கை வைத்ததாகவும், வந்த சத்தம் பிடித்துப்போய்விட்டதாகவும் ஹான்காக் பலமுறை சொல்லியிருக்கிறார். பாதி பொறியாளருக்கு அந்தச் சாமான் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

அதே வருஷம் மைல்ஸை விட்டு வந்து, 1970 வாக்கில் ஓர் அறுவர் குழுவைத் திரட்டினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஆறு பேரும் ஸ்வாஹிலியில் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஹான்காக்கின் பெயர் 'ம்வாந்திஷி', எழுதுபவர் என்று பொருள். டிரம்பெட் வாசித்த எடி ஹெண்டர்சன் நிஜமாகவே மருத்துவம் படித்த டாக்டர். அவர் 'ம்கங்கா', வைத்தியர். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்த பேட்ரிக் கிளீசன் என்பவரிடம், மின்சாரத்திலேயே ஒலியை உண்டாக்கும் சிந்தசைசர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதை எப்படி இயக்குவது என்று பார்க்கப் போனார்கள். அவர் வாசித்துக் காட்டியதைக் கேட்டதும் நீங்களே வாசியுங்கள் என்று இசைத்தட்டிலும் சேர்த்து, ஊர் ஊராகவும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பேராசிரியர் ஏழாவது ஆள்.

இந்தக் குழு மூன்று இசைத்தட்டுகள் போட்டது. முதலாவதில் கறுப்பர் உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸுக்காகச் செய்த உருப்படி 15 எண்ணிக்கையில் சுற்றும். மூன்றாவதான 'செக்ஸ்டன்ட்'டில் ஓர் உருப்படி 19 எண்ணிக்கை. அதே தட்டில் குளவிகள் என்ற பெயரில் ஏறக்குறைய இருபது நிமிட உருப்படி ஒன்று உண்டு. குளவிக் கூட்டில் கல்லெறிந்துவிட்டு ஓட இருபது நிமிஷம் ஆனால் எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும். பென்னி மாப்பின் என்ற அற்புதமான பேஸ் கிளாரினெட்காரர் அதில் குழந்தைகள் ஊதும் பீப்பீ மாதிரி ஒன்றை எடுத்து ஊதுகிறார். முதல் முறை கேட்டபோது எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். நாலாவது முறை கேட்கும்போது அதை நிறுத்த மனம் வரவில்லை. தட்டு விற்கவில்லை. முதல் இரண்டையும் வெளியிட்ட நிறுவனம் இவற்றை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் முழித்தது. மூன்றாவது வேறொரு நிறுவனத்தில் வந்தது, அதுவும் போகவில்லை. எனக்கோ ஒரே பரவசம். இதோ, எங்கள் மொட்டை மாடிக் கனவை உலகத்தரத்தில் செய்து காட்டிய ஆட்கள். உடனே 'செக்ஸ்டன்ட்'டின் இணைப்பை நண்பனுக்கு அனுப்பினேன்.

சம்பளம் யார் குடுத்தா?

அவன் கேட்டது தை முகூர்த்தமெல்லாம் முடிந்த பிறகு. ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.

"நல்லாருக்குடா. பேஸ்காரரு பெரிய ஆளு. எத்தனை பேரு மொத்தம்?"

"ஆறு பேரு. சிந்தசைசர்காரரோட ஏழு. சவுண்டு பாக்குறவங்க தனி."

"ஊர் ஊரா போனாங்களா?"

"போனாங்க."

"சம்பளம் யார் குடுத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இசை கேட்கிறேன், இசையைப் பற்றி எழுதவும் செய்கிறேன். எந்தக் குழுவைப் பற்றியும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அவன் இப்போது சொந்தமாக ஒரு குழு நடத்துகிறான். கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறான். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம்: வண்டி வாடகை, சவுண்டு வாடகை, பாடகி, பாடகர், தபேலா, பேட், பேஸ், நைட் பேட்டா. 'சாப்பாடு அவங்களோடது' என்று பெரும்பாலான பக்கங்களில் எழுதியிருக்கும். கடைசி வரியில் அவன் பெயர். சில பக்கங்களில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும். அந்த நோட்டை எழுதுகிறவனுக்குத்தான் 19 எண்ணிக்கையைக் கேட்டதும் அடுத்த நொடி இந்தச் சந்தேகம் வரும்.

தேடிப் படித்தேன். கொடுத்தது ஒரு தர்பூசணிக்காரர்.

ஹான்காக் சிறுவனாக இருந்தபோது அவர்கள் தெருவின் பின்சந்தில் குதிரை வண்டியில் தர்பூசணி வரும். கல் பாவிய சந்தில் சக்கரம் ஏறி இறங்கும் தாளம், அதற்கு மேல் கூவி விற்பவரின் குரல். 1962இல் 'ப்ளூ நோட்' நிறுவனத்துக்குத் தன் முதல் இசைத்தட்டைச் செய்தபோது அந்த நினைவிலிருந்து ஒரு மெட்டுப் போட்டார். பெயரும் தர்பூசணிக்காரர்தான், 'வாட்டர்மெலன் மேன்'. அப்போது அவரோடு அறையில் தங்கியிருந்த மூத்த டிரம்பெட்காரர் டொனால்ட் பேர்ட் ஒரு புத்தி சொல்லி அனுப்பினார்: பாட்டின் பதிப்புரிமையைக் கேட்பார்கள், கொடுக்காதே. கேட்டார்கள். கொடுக்கவில்லை. தட்டே வேண்டாம் என்று எழுந்து வாசல் வரை போனபோதுதான் திரும்பக் கூப்பிட்டு ஒத்துக்கொண்டார்கள் என்பது ஹான்காக் சொல்லும் கதை. 22 வயசுப் பையன், முதல் தட்டு. நானாக இருந்தால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, அவர்கள் நீட்டிய பேனாவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கொஞ்ச நாளில், கியூபாவிலிருந்து வந்த மோங்கோ சாண்டமரியாவின் குழுவில் பியானோக்காரர் இல்லாமல் ஹான்காக் மாற்று ஆளாகப் போனார். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு கிளப், கூட்டம் குறைவு. வந்திருந்த பேர்ட், அந்தத் தர்பூசணியை மோங்கோவுக்கு வாசித்துக் காட்டேன் என்றார். வாசித்தார். மோங்கோ கொங்கா மேளத்தில் கை வைத்தார், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். 1963இல் மோங்கோவின் தட்டாக வெளிவந்து அமெரிக்காவின் முதல் பத்துப் பாடல்களுக்குள் ஏறியது. உரிமை ஹான்காக் கையில். அதிலிருந்து வந்துகொண்டே இருந்த பணம்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் குழுவின் ஓட்டல் அறைக்கும் விமான டிக்கெட்டுக்கும் போனது. ஜனங்கள் ஆடிய பாட்டு, ஜனங்கள் எழுந்து போன பாட்டுக்குச் சோறு போட்டிருக்கிறது.

இதை நண்பனிடம் சொன்னேன். "அதானே பார்த்தேன்" என்றான்.

ஜபத்தில் வந்த ஆள்

1972இல் சியாட்டிலில் ஒரு ராத்திரி, பேஸ் வாசிக்கும் பஸ்டர் வில்லியம்ஸ் தனியாக எடுத்த ஆலாபனை எல்லோரையும் உலுக்கிவிட்டது. குழு முழுக்கத் தூக்கமில்லாமல் களைத்திருந்த நாள் அது. எங்கிருந்தய்யா இது வந்தது என்று ஹான்காக் கேட்க, வில்லியம்ஸ் தான் செய்துவரும் பௌத்த மந்திர ஜபத்தைப் பற்றிச் சொன்னார். ஜப்பானின் நிச்சிரென் மரபு. ஹான்காக்கும் ஆரம்பித்தார், இன்றைக்கும் விடவில்லை.

1973இல் குழுவின் கணக்கு முற்றிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸின் 'ட்ரூபடோர்' அரங்கில் பாயிண்டர் சிஸ்டர்ஸ் என்ற பாட்டுக்காரச் சகோதரிகளோடு ஒரே மேடை கிடைத்தது. அவர்களுக்குக் கூட்டம் எழுந்து ஆடியது. இவர்களுக்கு மரியாதையாக உட்கார்ந்திருந்தது. ஆகாயத்திலேயே எவ்வளவு காலம் மிதப்பது, கால் மண்ணில் படவேண்டும் போலிருக்கிறது என்ற ஏக்கம் அந்தச் சமயத்தில் வந்ததாக ஹான்காக் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அப்போது ஒருநாள் ஜபத்தில் இருக்கும்போது ஸ்லை ஸ்டோன் நினைவுக்கு வந்தார். ராக்கையும், ஆட வைக்கும் தாளமே உயிரான ஃபங்க் இசையையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சிய ஆள். ஹான்காக்குக்கு அவருடைய ஒரு பாட்டின் மேல் தீராத ஆசை. அதுவே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்லையின் குழுவில் தான் உட்கார்ந்து வாசிப்பது போல ஒரு காட்சி வந்தது. சந்தோஷமாக இருந்தது. சரி, என்னுடைய குழுவே அந்த மாதிரி இசையை வாசித்தால்? இந்தக் கேள்வி வந்ததும் மனசு சட்டென்று சுருங்கியது. ஐயோ, அது வேண்டாம்.

மனிதர் அந்தச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவன் வீட்டுக்கு விருந்துக்குப் போவேன், அவன் என் வீட்டு நடுக்கூடத்தில் உட்காரக்கூடாது என்றால் அதற்கு என்ன பெயர்? மேற்கத்திய செவ்வியல்காரர்கள் ஜாஸைப் பார்த்து முகம் சுளித்தால் எந்தப் புழுவைக் கண்டு தனக்குக் கோபம் வருமோ, அதே புழு தன் வயிற்றிலும் இருக்கிறது என்று கண்டுகொண்டதாகச் சொல்கிறார். உவமைகள் என்னுடையவை, விஷயம் அவருடையது. இந்த இடத்தை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தேன் என்று கணக்கில்லை. பணத்துக்காக இறங்கினேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். பணக்கஷ்டமும் இருந்தது, அவர் அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் அந்த நிமிஷத்தில் பார்த்தது தன் முகச்சுளிப்பை.

நம்மிடம் ஜனரஞ்சகம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஜனங்களை மகிழ்விப்பது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சிறுபத்திரிகை படித்து வளர்ந்த என் தலைமுறையில் அதை வசையாக அல்லாமல் பயன்படுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு கதையை ஒதுக்க அந்த ஒரு சொல் போதும். நானும் அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேரை ஒதுக்கியிருக்கிறேன். அந்த மண்டபத்தில் பாட்டி ஒருத்தி பழைய பாட்டு ஒன்றுக்கு நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். மேடையிலிருந்து என் நண்பன் அவளைக் கவனித்து, அடுத்த இடையிசையில் புல்லாங்குழல் டோனை எடுத்து அவளைப் பார்த்தே வாசித்தான். இதை நான் அன்றைக்கே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பைப்படிக்குப் போனேன்.

இதில் எனக்கு உறுத்துகிற இன்னொன்றும் உண்டு. ஹான்காக் அந்த அறுவர் குழுவைக் கலைத்தார். புதுக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனது பென்னி மாப்பினை மட்டும். ஜபத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்த பஸ்டர் வில்லியம்ஸுக்கே இடமில்லை. மூன்று வருஷம் சேர்ந்து திரிந்து, பெயரையே மாற்றிக்கொண்டு, ஒருவர் மூச்சில் இன்னொருவர் வாசித்தவர்கள். அவர்களும் பின்னாளில் பெரிய இசைக்காரர்களாகவே வாழ்ந்தார்கள், அது வேறு. ஆனால் ஒருவனுக்கு ஞானம் வந்த மறுநாள் நாலைந்து பேர் வேறு வேலை தேடவேண்டியிருந்தது என்பதை நான் அந்த நோட்டைப் பார்த்த கண்ணோடுதான் படிக்கிறேன்.

பாட்டில்

1973 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒலிப்பதிவு. ஐந்து பேர். கிட்டார் கிடையாது, வேண்டுமென்றேதான். தட்டின் முதல் உருப்படி 'கமிலியன்', பச்சோந்தி. விமர்சகர்கள் சொல்லப்போவதை முன்கூட்டியே தலைப்பாக வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. அந்த பேஸ் வரியைத் தெரியாதவர்களும் எங்காவது கேட்டிருப்பார்கள். அரையரைப் படியாக மூன்று படி ஏறி ஒரு சுரத்தில் உட்காரும், சின்னதாக ஒரு குதி, மறுபடி மூன்று படி ஏறி இன்னொரு சுரத்தில் உட்காரும். மொத்தம் இரண்டே சுரக்கூட்டு. அதை வாசிப்பது பேஸ் கிட்டார் இல்லை. ஹான்காக் 'ஆர்ப் ஒடிசி' என்ற சிந்தசைசரில் வாசிக்கிறார். பேஸ்காரர் பால் ஜாக்சனோ தன் கருவியின் மேல் சுரங்களில் ஏறி கிட்டார் மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு ஆள் வேலையை மாற்றிக்கொண்டார்கள். பதினைந்தே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. எளிமை என்கிறார்கள். நான் வீட்டில் அந்த வரியை மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தேன், மூன்றாவது நிமிஷத்தில் இடம் தவறியது. அதன் மேல் ஹார்வி மேசன் டிரம்ஸில் விடும் இடைவெளி இருக்கிறதே, அது 19 எண்ணிக்கையை முறையாகக் கடந்து வந்தவர்களோடு வாசிப்பதால் மட்டுமே கிடைக்கும் இடைவெளி என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாது.

இரண்டாவது உருப்படி பழைய தர்பூசணிக்காரர். அதே மெட்டு, 11 வருஷம் கழித்து, மேசன் புதிதாக அமைத்தது. குதிரை வண்டியைக் காணோம். ஒரு விசில், ஒரு மனிதக் குரல், விசில், குரல் என்று ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு தொடங்குகிறது. தாளக்காரர் பில் சம்மர்ஸ் ஒரு பீர் பாட்டிலின் வாயில் ஊதி, ஊதும் இடைவெளிகளில் பாடுகிறார். இது மத்திய ஆப்பிரிக்காவின் பாபென்செலே மக்கள் வேட்டையிலிருந்து திரும்பும்போது செய்வது. அவர்கள் ஊதுவது பப்பாளித் தண்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் இலைக்காம்பை வெட்டிப் பீப்பீ ஊதுவார்களே, ஏறக்குறைய அதுதான். ஒரு சுரம் தண்டு, அடுத்த சுரம் தொண்டை. பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். தர்பூசணி மெட்டு வருவதற்கு வெகுநேரம் ஆகிறது, வந்ததும் அது இரட்டிப்பு நிதானத்தில் சோம்பல் முறிக்கிறது. எனக்கு இந்தத் தட்டில் மிகப் பிடித்த இடமும் இதுதான், நெருடும் இடமும் இதுதான். சம்மர்ஸ் அதைக் கற்றது சிம்ஹா அரோம் என்ற ஆய்வாளர் குழு பதிவுசெய்து 1966இல் வெளிவந்த தட்டிலிருந்து. உருப்படியின் உரிமை முழுக்க ஹான்காக் பெயரில். 1994இல் பாப் பாடகி மடோனா தன் பாட்டொன்றில் இந்தப் பதிவிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டபோது ஹான்காக் பெயரும் போட்டார்கள். காட்டில் தண்டு ஊதியவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஸ்டீவன் ஃபெல்ட் என்ற இசை மானிடவியலாளர் இதை நேரடியாக ஹான்காக்கிடமே கேட்டிருக்கிறார். அது சகோதரர்களுக்குள் நடப்பது என்கிற மாதிரி பதில் வந்தது. பதிப்புரிமையைக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்ப அந்த மக்களுக்கு ஒரு டொனால்ட் பேர்ட் வாய்க்கவில்லை. இந்த இடத்தில் ஹான்காக்குக்காக வக்காலத்து வாங்க என்னால் முடியவில்லை.

தட்டு பாப் பட்டியலில் 13ஆம் இடம் வரை போனது, பின்னாளில் பெரும் விற்பனைக்கான பிளாட்டினம் சான்றும் வாங்கியது. அதன் பிறகு அவர் என்னென்ன செய்தார் என்பது நீளமான பட்டியல். 1976இல் மைல்ஸ் காலத்து நண்பர்களோடு மறுபடி சேர்ந்து வாசித்தார். 1978இல் இன்னொரு ஜாஸ் பியானோக்காரரான சிக் கொரியாவோடு இரண்டே பியானோ வைத்துக் கச்சேரிகள். அதே வருஷம் குரலை இயந்திரமாக்கும் வோகோடரில் பாட்டுகள். அவற்றை என்னால் இன்றைக்கும் முழுசாகக் கேட்க முடியவில்லை. 1983இல் 'ராக்கிட்', ரோபோக்கள் உதைத்துக்கொள்ளும் வீடியோவோடு. 2008இல் வருடத்தின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி, அதுவும் பாடகி ஜோனி மிட்செலின் பாட்டுகளை அமைதியாக வாசித்ததற்கு. போன ஆள் திரும்பி வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்தான்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் நண்பன் கூப்பிட்டான். பின்னணியில் ஜெனரேட்டர் சத்தம்.

"நீ அனுப்பிச்ச அந்த பச்சோந்தி பேஸ் இருக்குல்ல, இன்னைக்கு டைட்டில் மியூசிக்கா போட்டேன்டா. பேட்காரன் விடவே மாட்டேங்குறான், போய்க்கிட்டே இருக்கு."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம். கமிட்டிக்காரரு மேடைக்கே ஏறி வந்து, 'தம்பி, முதல்ல பிள்ளையார் பாட்டு' ன்னுட்டாரு."

சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று, "அன்னைக்கு மண்டபத்துல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஜிகினா சட்டை நைட்டுதானே?" என்றான் உடனே. "சட்டை இன்னும் பீரோவுலதான் கிடக்கு. எனக்கு வயிறு போட்ருச்சு, உனக்குச் சரியா இருக்கும். சரி, அதை விடு. வர்ற இருபதாந்தேதி மேலூர் பக்கம் ஒரு கோயில் கச்சேரி, பேஸ்காரன் வேற பக்கம் ஒத்துக்கிட்டான். வர்றியா?"

"என்கிட்ட கிட்டாரே இல்லையேடா."

"நான் தர்றேன். வழக்கமா ஆயிரத்து ஐந்நூறு. உனக்குக் கை துருப்பிடிச்சுப்போச்சுல்ல, எண்ணூறு எழுதிக்கிறேன். சாப்பாடு அவங்களோடது."